சாதுவன் சென்ற நாடு

பிறந்த மண்ணை விட்டு வேற்றுமொழி வழங்கும் ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் நால்வர் ஓரிடத்தில் கூடினால், ஊர்ச் செய்தியும் விலைவாசியும் பிள்ளைகளின் படிப்பும் பேசி முடித்த பின்னர், பேச்சு ஒரு கவலையில் வந்து நிற்பதை யாம் பலகாலும் கண்டிருக்கிறோம். இந்த ஊர்ப் பழக்கத்தில் நம் பிள்ளைகள் என்ன ஆவார்களோ என்பதே அக்கவலை. பெற்றோர் பேணிய ஒழுக்கமும் தெய்வ நம்பிக்கையும் இங்கே தேய்ந்து போகுமோ என்று அஞ்சாத தாய் தந்தையர் இல்லை. அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும் அதனுள்ளே ஆராயப்படாத ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது. ஒழுக்கம் என்பது சொந்த ஊரின் உடைமை, கேடு என்பது அயலூரின் சரக்கு என்னும் எண்ணமே அது. இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் உண்மை?

இவ்வினாவுக்கு விடை தேடி மேனாட்டு நூல்களுக்குச் செல்ல வேண்டியதில்லை. நம் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய மணிமேகலையில், முப்பது காதைகளுள் பதினாறாவதாக நிற்கும் 'ஆதிரை பிச்சையிட்ட காதை' இதனையே பொருளாகக் கொண்டது. டாக்டர் உ.வே.சாமிநாதையர் 1898ஆம் ஆண்டில் மணிமேகலையைப் பதிப்பித்துத் தந்த நாள்தொட்டு, அறிஞர் பலர் இந்நூலின் சமயக் கொள்கைகளையும் தருக்க முறையையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஊர் விட்டு ஊர் வந்து வாழும் ஒரு குடும்பத்தான் கண்கொண்டு இக்காதையைப் படித்தால் என்ன தெரியும் என்பதை மட்டும் ஈண்டுக் காண முயல்வோம்.

மொழி மாறும் எல்லையில்

கட்டுரைக்குள் புகுமுன் எம் ஊரைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். எமது ஊர் நாராயணவனம். ஆந்திர மாநிலத்தில் புத்தூரை அடுத்துள்ளது. திருவேங்கடமுடையான் பத்மாவதித் தாயாரை மணம்புரிந்த இடம், ஆகாசராசனின் தலைநகர் என்று தலவரலாறு கூறும். கல்யாண வேங்கடேசுவரர் கோயில் இன்றும் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிருவாகத்தில் சிறப்புற்று விளங்குகிறது.

வட ஆர்க்காட்டிலிருந்து பிரித்த பகுதிகளையும் சேர்த்து 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அம்மாவட்டம் அதனோடு சென்றது. எல்லைத் திருத்தத்தின்படி 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. புத்தூர் வட்டாரம் ஆந்திரத்திலேயே நின்றது. 2022இல் எம் ஊர் புதிய திருப்பதி மாவட்டத்தில் வைக்கப்பட்டது. இத்தனை மாற்றத்திலும் எம் முன்னோர் இருந்த தெருவை விட்டு அசையவில்லை. வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, கோயிலில் இரண்டும் என்று வாழ்ந்தார்கள். தறியில் அமர்ந்தவர் தமிழில் பேசிக்கொண்டே நெய்வார். நெய்த சேலைக்குத் தெலுங்கில் விலை பேசுவார். இதில் எந்த இடையூறும் இருப்பதாக அவர்கள் கருதியதில்லை.

தொல்காப்பியப் பாயிரம் தமிழ் கூறும் நல்லுலகின் வட எல்லையாகச் சொல்வது வேங்கடத்தை. அம்மலை எம் ஊருக்கு அண்மையது. அகநானூற்றில், பொருள் தேடச் செல்லும் தலைவன் வேங்கடத்தைக் கடந்து மொழி வேறுபட்ட நாட்டுக்குப் போவதாகப் பாடல்கள் பேசுகின்றன. தமிழ்க் குடும்பத்தான் பிழைப்புக்காக வேற்றுமொழி நாட்டுக்குச் செல்லும் வழக்கம் நம் இலக்கியத்தின் தொடக்க காலத்திலேயே உண்டு என்பதற்கு இவை சான்று. ஆனால் இப்பாடல்களில் ஒரு குறையை நாம் காணலாம். போகும் வழியின் கொடுமையைப் பாடினார்கள். வீட்டில் காத்திருப்பவளின் துயரத்தைப் பாடினார்கள். போன இடத்தில் அவன் எவ்வாறு உண்டான், யாரோடு பேசினான், எதை ஏற்றான், எதை மறுத்தான் என்பவற்றைப் பாடவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப ஒரு வாணிகப் புலவர் வேண்டியிருந்தது. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தந்த சாதுவன் கதை அதை நிரப்புகிறது.

கதை

காவிரிப்பூம்பட்டினத்தில் ஆதிரை என்னும் நல்லாளின் கணவன் சாதுவன். கணிகை ஒருத்தியின் தொடர்பினாலும் சூதினாலும் கைப்பொருள் முழுவதும் இழந்தான். பொருள் தீர்ந்ததும் அவள் அவனைக் கைவிட்டாள். வங்கம் ஏறும் வணிகரோடு தானும் கடல் கடக்கப் புறப்பட்டான். புயலில் கலம் உடைந்தது. ஒடிந்த மரமொன்றைப் பற்றிக்கொண்டு, நக்க சாரணர் எனப்படும் நாகர் வாழும் மலைப்பக்கத்தில் கரையேறினான். தப்பி ஊர் திரும்பிய சிலர் அவனும் இறந்தான் என்று கருதிச் சொல்ல, ஆதிரை தீயில் இறங்கினாள். தீ அவளைச் சுடவில்லை. கணவன் உயிரோடு இருக்கிறான், சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலத்தில் திரும்புவான் என்று வானில் ஒரு குரல் கூறியது. அவள் வீடு திரும்பி அறம் செய்து வாழ்ந்தாள்.

மரநிழலில் களைத்து உறங்கிய சாதுவனை நாகர் உணவாகக் கண்டனர். விழித்தெழுந்த அவன் அவர்கள் மொழியிலேயே பேசினான். அதைக் கேட்டு அவர்கள் கொல்லாமல் தம் தலைவனிடம் அழைத்துச் சென்றனர். கள்ளுப் பானைகளுக்கும் புலால் நாற்றத்துக்கும் வெள்ளெலும்புகளுக்கும் நடுவே தன் துணையோடு அமர்ந்திருந்த தலைவன், சாதுவன் பட்ட துன்பத்தைக் கேட்டு இரங்கினான். இளம்பெண் ஒருத்தியையும் கள்ளையும் ஊனையும் இவனுக்குக் கொடுங்கள் என்றான். சாதுவன் வேண்டா என்றான். பெண்ணும் உணவும் இன்றி மாந்தர்க்கு உலகில் வேறு என்ன பயன் உண்டு, இருந்தால் காட்டு என்று தலைவன் வெகுண்டு கேட்டான். சாதுவன் கொல்லாமையையும் கள்ளுண்ணாமையையும், பிறப்பு இறப்பையும், வினைப்பயனையும் எடுத்துரைத்தான். இறுதியில் தலைவன் அவன் அடியில் வீழ்ந்து, எங்களால் இயன்ற அறத்தைச் சொல் என்று வேண்டினான். இயன்றதைச் சாதுவன் சொன்னான். பரிசுப் பொருளோடு ஊர் திரும்பினான்.

ஊரில் கெட்டவன்

இக்கதையில் முதலில் கண்ணில் படவேண்டியது, சாதுவன் கெட்டது சொந்த ஊரில் என்பது. பூம்புகார் எத்தகைய ஊர்! கோயில்களும் அறச்சாலைகளும் சான்றோர் அவைகளும் நிறைந்த சோழர் பேரூர். அங்கே உற்றார் இருந்தனர். கற்புடைய மனைவி இருந்தாள். ஊர்வாய்க்கு அஞ்ச வேண்டிய நிலையும் இருந்தது. இவற்றில் எதுவும் அவனைக் காக்கவில்லை. அவன் நிமிர்ந்து நின்ற இடமோ உற்றார் ஒருவரும் இல்லாத, அவன் செய்வதைப் புகாரில் எவரும் அறிய வழியில்லாத நாகர் மலை.

சாத்தனார் இதைத் தற்செயலாக அமைத்தார் என்று எமக்குத் தோன்றவில்லை. குற்றமே அறியாத ஒரு முனிவனை நாகரிடை அனுப்பி அறம் உரைக்கச் செய்திருக்கலாம். பௌத்தக் காப்பியத்துக்கு அதுவே எளிதான வழி. அவரோ சூதாடித் தோற்ற ஒரு வணிகனை அனுப்பினார். சொந்த ஊர் தானே ஒழுக்கத்தைத் தந்துவிடாது. அயலூர் தானே அதைப் பறித்துவிடாது என்பதை இதைவிடத் தெளிவாகக் கூற இயலாது. ஊரில் இருந்திருந்தால் பிள்ளைகள் நல்லவர்களாக வளர்ந்திருப்பார்கள் என்று ஏங்குவோர் சாதுவனின் புகார் வாழ்வை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். ப.சிங்காரம் 1972இல் வெளிவந்த தம் 'புயலிலே ஒரு தோணி' நாவலில், கடல் கடந்த தமிழர் மதுவருந்திக்கொண்டே பழம்பெருமை பேசுவதை எள்ளி நகையாடுவதும் ஏறத்தாழ இதே நோயைச் சுட்டித்தான்.

மொழி காத்தது

அடுத்து, சாதுவனின் உயிரை முதலில் காத்தது எது? நாகரின் மொழியை அவன் ஐயமறக் கற்றிருந்தான் என்று சாத்தனார் தெளிவாகக் கூறுகிறார். அறவுரைக்கு முன்னே மொழியறிவு வந்து நின்றது. அம்மொழியை அறியாதவனாயின், அவன் நெஞ்சில் எத்துணை அறம் இருந்தாலும் அது அவனோடு நாகரின் அடுப்பில் முடிந்திருக்கும்.

நம்மில் சிலர், வாழும் ஊரின் மொழியைக் கற்பதைத் தம் மொழிக்குச் செய்யும் துரோகமாகக் கருதுகின்றனர். இருபது ஆண்டுகள் ஓரூரில் வாழ்ந்தும் காய்கறி வாங்கும் அளவுக்கு மேல் அவ்வூர் மொழி தெரியாதிருப்பதைப் பெருமையாகச் சொல்வோரும் உளர். எம் ஊர் நெசவாளர் அவ்வாறு எண்ணியதில்லை என்று மேலே கண்டோம். அயலார் மொழியை நன்கு அறிந்தவனே தன் மறுப்பைப் பண்போடு சொல்ல முடியும். அறியாதவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் முடியும். அதை அயலார் அகந்தை என்று கொள்வார்களே தவிர ஒழுக்கம் என்று கொள்ளமாட்டார்கள்.

மூன்றும் மறுத்தவர் இருவர்

நாகர் தலைவன் கொடுக்கச் சொன்னவை மூன்று: பெண், கள், ஊன். இம்மூன்றையும் ஒருசேரக் காணும்போது வேறோர் இளைஞர் நினைவுக்கு வருகிறார். 1888ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குப் புறப்பட்ட மோகன்தாசு கரம்சந்து காந்தி, மது, மாது, மாமிசம் ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என்று பேச்சார்சி சுவாமி என்னும் சைனத் துறவி முன்னிலையில் தம் தாய்க்கு வாக்களித்தார். கடல் கடந்தால் ஒழுக்கம் கெடும் என்று சொல்லி அவர் சாதியார் பம்பாயில் அவரை விலக்கி வைத்தனர். சாத்தனாரைக் காந்தியடிகள் படித்தவர் அல்லர். வேற்று நாட்டில் மனிதனைச் சோதிப்பவை எவை என்பதில் காப்பியமும் வாழ்க்கையும் ஒன்றுபட்டது வியப்பே.

'சத்திய சோதனை'யில் இதற்கு மேலும் ஒரு செய்தி உண்டு. இலண்டனில் தொடக்கத்தில் அவர் புலால் மறுத்தது தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக. அங்கே மரக்கறி உணவு விடுதி ஒன்றைக் கண்டுபிடித்து, ஆங்கிலேயராகிய சால்ட்டு என்பவர் எழுதிய சிறு நூலை வாங்கிப் படித்த பின்னரே, தம் விருப்பத்தால் மரக்கறி உண்பவர் ஆனதாக அவர் எழுதுகிறார். அதுவரை தாயின் அறமாக இருந்தது, அன்று தொட்டு அவருடைய அறமாயிற்று. அதற்கு உதவியது ஒரு வெள்ளைக்காரரின் நூல்!

சாதுவனையும் இவ்வாறே காணலாம். எனக்கு வழக்கமில்லை, எங்கள் குலத்தில் இல்லை என்று சொல்லி அவன் நின்றுவிடவில்லை. உயிர் உடலை விட்டுப் போய் வேறிடத்தில் புகும் என்கிறாயே, அது எவ்வாறு என்று தலைவன் நகைத்துக் கேட்டபோது சாதுவன் வெகுளவில்லை. உயிருள்ள உடல் துன்பத்தை உணர்கிறது. உயிர் போன உடலை வெட்டினாலும் சுட்டாலும் உணர்வதில்லை. ஆகவே அதிலிருந்து ஒன்று போயிற்று என்று, கேட்பவன் தன் கண்ணால் கண்டறிந்த செய்தியைக் கொண்டே விடை கூறினான். இவ்விடையின் தருக்கத்தை இன்று ஏற்பதும் மறுப்பதும் அவரவர் கருத்து. காரணம் கேட்டபோது காரணம் கூறினான் என்பதே நாம் கருத வேண்டியது.

நம் பிள்ளைகள் நம்மிடம் கேட்பதும் நாகர் தலைவன் கேட்ட கேள்வியே. ஏன் உண்ணக்கூடாது, ஏன் போகக்கூடாது, ஏன் கோயிலுக்கு வரவேண்டும் என்று கேட்கின்றனர். நம் வழக்கம் அப்படி என்பதே பெரும்பாலும் நாம் தரும் விடை. அவ்விடை ஊரில் செல்லும். அங்கே தெருவெல்லாம் அவ்வழக்கத்தில் நிற்கிறது. இங்கே செல்லாது. காரணம் சொல்ல அறியாத பெற்றோரின் ஒழுக்கத்தைப் பிள்ளை சுமையாகவே காணும்.

இயன்ற அறம்

காதையின் உச்சம் என்று யாம் கருதுவது இதனை அடுத்து வருவது. கள்ளையும் ஊனையும் விட்டால் எங்களால் உயிர் வாழ இயலாது, எங்களுக்கு ஏற்றதைச் சொல் என்று தலைவன் கேட்கிறான். சாதுவன் தன் சமயத்தின் முழு ஒழுக்கத்தையும் அவன்மீது சுமத்தவில்லை. கலம் உடைந்து கரையேறுவோரைக் கொல்லாதே, அவர் உயிரைக் காப்பாற்று. மூத்து இறந்த விலங்கின் ஊன் அன்றி வேறு ஊனை விட்டுவிடு என்று இரண்டே சொன்னான்.

தனக்கு ஒரு கட்டுப்பாடும் பிறர்க்கு ஓர் எளிய வழியும் வைத்த இப்பண்பு அரிது. நம்மில் பலர் இதற்கு மாறாக நடக்கிறோம். நமக்குப் பல விலக்குகள் தந்துகொள்கிறோம். அயலாரின் உணவையும் உடையையும் திருமண முறையையும் வீட்டுக்குள் கடுமையாக இகழ்கிறோம். சாதுவனோ நாகரின் உணவை மறுத்தான், அவர்களை இகழவில்லை. அவர்களிடம் அவன் முதலாவதாகக் கேட்டதும் அகதிக்கு அடைக்கலம்! தானே அலையில் அடிபட்டு வந்தவன் ஆதலால், தனக்குப் பின் வருவோர்க்காக அதைக் கேட்டான். புதிதாக ஓரூருக்கு வந்து சேரும் தமிழ்க் குடும்பத்துக்கு வாடகை வீடு தேடித் தருவதும், மருத்துவமனைக்குத் துணை செல்வதும் சங்கங்கள் செய்யும் பணி. நமக்குப் பின் வருவோர் தமிழர் அல்லராயினும் அவ்வுதவி உண்டா என்று சாதுவன் நம்மைக் கேட்பதாக யாம் கொள்கிறோம்.

இதே நூலில் ஆபுத்திரன் கதை இதற்கு ஓர் எதிர்ப்படம். எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி அவன் கையில் இருந்தது. சாவக நாட்டில் மழையின்றி மக்கள் வாடுவதறிந்து கலம் ஏறினான். இடையில் மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கலம் போய்விட்டது. புனிதத் தீவு அது. கேடு சொல்லித்தர அங்கே எவரும் இல்லை. பசித்தவர் எவரும் இல்லை என்பதும் உண்மை. ஊட்டுதற்கு ஆளில்லாத பாத்திரம் எதற்கு என்று அதைப் பொய்கையில் விட்டு, உண்ணாது உயிர் நீத்தான். நரமாமிசம் உண்போர் நடுவே சாதுவனின் அறம் வாழ்ந்தது; மாசற்ற தனிமையில் ஆபுத்திரனின் அறத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. நமக்குள்ளேயே கூடி, நமக்குள்ளேயே பழகி, நம்மை நாமே காத்துக்கொண்டால் போதும் என்போர்க்கு இவ்விரு கதைகளையும் அடுத்தடுத்துப் படிக்குமாறு பரிந்துரைப்போம்.

குறைகள்

குறை காணாத திறனாய்வு புகழ்ச்சியாகிவிடும். இக்காதையில் எம் நெஞ்சை உறுத்துவன மூன்று.

ஒன்று, நாகரைக் காட்டும் முறை. தலைவன் தன் துணையோடு இருப்பதைக் கரடியும் பிணவும் இருப்பது போலக் காட்டுகிறார் புலவர். இது நகரத்து வணிகன் கண். அயலாரை விலங்காகக் காணும் இப்பார்வையை நாமே பிற மாநிலங்களிலும் பிற நாடுகளிலும் பெற்று நொந்திருக்கிறோம். ஆகவே நம் காப்பியத்தில் காணும்போதும் அதைக் குறை என்றே சொல்லுதல் வேண்டும். ஆயினும் காதையின் கூர்மையான வினாக்களை அத்தலைவன் வாயிலேயே வைத்து, தன்னால் இயலாததை இயலாது என்று ஒப்புக்கொள்ளும் நேர்மையையும் அவனுக்கே தந்தது சாத்தனாரின் நடுவுநிலைமை.

இரண்டு, ஆதிரை. தவறு செய்தவன் கணவன். தீயில் இறங்கியவள் மனைவி. தீ சுடாததால் அவள் பெருமை விளங்கிற்று என்று காப்பியம் மகிழ்கிறது. எமக்கு அம்மகிழ்ச்சி இல்லை. அயலூரில் குடும்ப ஒழுக்கத்தைக் காக்கும் பொறுப்பு முழுவதையும் பெண்களின் உடையிலும் பெண்பிள்ளைகளின் நடையிலும் ஏற்றிவிட்டு ஆண்கள் விலகிக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இன்றும் இருத்தலின், இதனை வெளிப்படையாகச் சொல்ல விழைகிறோம்.

மூன்று, பொருள். விடைபெறும் சாதுவனுக்குத் தலைவன் கொடுத்த நறுமண மரமும் மென்துகிலும் செல்வக் குவியலும், முன்னே கலம் உடைந்து வந்து கொல்லப்பட்டோரின் உடைமை. தலைவனே அதைச் சொல்லித்தான் தருகிறான். கள்ளை மறுத்தவன் இதை மறுக்கவில்லை. ஊர் திரும்பி ஆதிரையோடு தானம் பல செய்தான் என்று சொல்லிப் புலவர் அமைகிறார். பிறர் துன்பத்தில் சேர்ந்த பொருள் தானத்தால் தூயதாகுமா? காப்பியம் வாய் திறக்கவில்லை. அயலூரில் ஒழுக்கம் என்றவுடன் உணவையும் உடையையும் காதலையும் எண்ணும் நாம், பொருளைப் பற்றி அவ்வளவு எண்ணுவதில்லை. சாத்தனார் மௌனமான அவ்விடத்திலேயே நம் மௌனமும் இருக்கிறது.

மருதியின் நிலை வேறு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்ட அவளுக்கு மறுக்கும் உரிமையே இல்லை. அத்தகையோரின் ஒழுக்கத்தை எடைபோட நமக்கு உரிமையில்லை. மறுக்க இயன்றும் மறுக்காத நம்மைப் பற்றியதே இக்கட்டுரை.

எம் கணக்கு

ஆதலின் எம்மைப் பற்றி ஒன்று சொல்லாமல் முடிப்பது முறையாகாது. யாம் வடபுலத்து நகரமொன்றில் மத்திய அரசு எழுத்தராகப் பணிபுரிகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், எல்.டி.சி. என்று வழங்கும் விடுமுறைப் பயணச் சலுகையில் சொந்த ஊர் செல்ல முன்பணம் பெற்றோம். போக மனமில்லை, பணம் தேவையாயிருந்தது. இரயில் சீட்டுக்குப் பதிவு செய்து, படியெடுத்து வைத்துக்கொண்டு, சீட்டை இரத்துச் செய்துவிட்டால் போதும் என்று ஒரு வழி எமக்குத் தெரிந்திருந்தது. கள் அருந்தாதவர், ஊன் உண்ணாதவர், வெள்ளிக்கிழமை தோறும் விளக்கேற்றும் வீட்டினர் யாம். இது ஒழுக்கக் கேடு என்று அப்போது எம் மனத்தில் தோன்றவே இல்லை. ஊரில் இருந்திருந்தால் தெரிந்தவர் கண்ணுக்கு அஞ்சியிருப்போம். இந்நகரில் எம்மை அறிவார் யார்?

மேசைமேல் கிடந்த சீட்டை எம் மகள் பார்த்துவிட்டாள். அன்றிரவே தொலைபேசியில் தன் பாட்டியிடம், "ஆயா, நாங்க ஊருக்கு வர்றோம்" என்று கூறிவிட்டாள். மறுநாள் எம் அன்னையார் அழைத்தார். "ஏம்பா, நீ சொல்லாம இருந்துட்டியே, கொழந்த சொல்லித்தான் தெரிஞ்சுது. தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அதுக்கு ஒரு பாவாடைத் துணி எடுத்து வெச்சிருக்கேன்" என்றார்.

சீட்டை இரத்துச் செய்ய எம் கை எழவில்லை. இரேணிகுண்டாவில் இறங்கிப் புத்தூர் வழியாக ஊர் சென்று சேர்ந்தோம். எம் நேர்மை எமது வலிமையால் நின்றதன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஒரு குழந்தையின் மகிழ்ச்சியும் ஒரு முதியவளின் காத்திருப்பும் அன்று எம்மைக் காத்தன.

மறுநாள் கோயிலுக்குச் சென்றோம். அங்கே பெரிய திருகைக் கல் ஒன்று உள்ளது. தாயாரின் திருமணத்துக்கு மாவு அரைத்தது அதில்தான் என்பது ஊர் வழக்கு. எம் அன்னையார் பேத்தியை அதன் அருகில் நிறுத்தி, யாம் சிறுவயதில் கேட்ட கதையைக் கூறினார். வேட்டை வேடத்தில் வந்த பெருமாளைத் தாயாரின் தோழியர் யாரோ அயலான் என்று கல்லால் அடித்ததையும், பின்னர் அவரே மாப்பிள்ளையாக வந்ததையும், மணச்செலவுக்குக் குபேரனிடம் கடன் வாங்கியதையும் சொன்னார். கலியுகம் முடியும் வரை அவர் அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார் என்று முடித்தார்.

"சாமிதானே, கட்டாம விட்டா யார் கேப்பாங்க ஆயா?" என்றாள் எம் மகள்.

"கேக்க ஆளில்லாத எடத்துலதாண்டி கட்டணும்" என்றார் அன்னையார்.

அவர் மணிமேகலையைப் படித்தவர் அல்லர். சாத்தனார் மௌனமான இடத்தில் அவர் ஒரு சொல் சொன்னதாகவே எமக்குத் தோன்றிற்று. யாம் செய்யவிருந்தது என்ன என்பதை அன்னையார் இன்றுவரை அறியார். இம்மலரை மகள் படிக்கும்போது அறிந்துகொள்ளட்டும்.

முடிவுரை

ஆதிரையின் கதையை மணிமேகலைக்குச் சொல்பவள் யார் என்பதையும் நினைவிற்கொண்டு இக்கட்டுரையை முடிப்போம். அவள் காயசண்டிகை, வடக்கே காஞ்சனபுரத்து விஞ்சையர் குலத்தாள். சாபத்தால் பெரும்பசி நோயுற்று, பன்னிரண்டு ஆண்டுகள் ஊர் திரும்ப இயலாமல் நின்றவள். அமுதசுரபியில் முதற்பிச்சை யார் கையால் ஏற்பது என்ற வினா எழுந்தபோது, புகாரின் பத்தினிப் பெண்டிருள் ஆதிரையே தக்கவள் என்று கண்டு சொன்னவள் இந்த அயல்நாட்டாள். அவ்வூரின் நன்மையை அவள் அறிந்திருந்தாள். தான் தங்கிய ஊரில் நல்லவர் யார் என்று அறிந்து சொல்லும் அளவுக்கு அவ்வூரோடு பழகியிருந்தாள்.

நாம் வாழும் ஊரில் ஆதிரை போன்றார் யார் என்று கேட்டால் சொல்ல நமக்குத் தெரியுமா? அடுத்த வீட்டில் வேற்றுமொழி பேசி, வேற்றுத் தெய்வத்தை வணங்கி, எவரும் கேளாத கடனை ஒழுங்காகக் கட்டிவரும் ஒருவரின் பெயர் நமக்குத் தெரிந்திருந்தால், நம் பிள்ளைகளுக்கு அவரைக் காட்டலாம். காட்டிவிட்டு, நம் வீட்டுக் கணக்கையும் ஒருமுறை அவர்களோடு அமர்ந்து பார்க்கலாம். ஒழுக்கத்தைப் பற்றிய நம் அச்சத்துக்கு அதைவிட நல்ல மருந்து இருப்பதாக எமக்குத் தெரியவில்லை.